மழைக்காலத்தை ஒட்டி ஒரு நீண்ட பயணம்: திட்டமிட முழுமையான வழிகாட்டி

பத்து நாள் பயணத்தில் மழையைத் தவிர்ப்பது பெரிய வேலை இல்லை. காய்ந்த மாதமாகப் பார்த்துப் போய்விட்டு வந்துவிடலாம். மூன்று மாதம், ஆறு மாதம் என்று கிளம்புகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. வழியில் எங்காவது ஓரிடத்தில் மழைக்காலம் வந்து பிடித்துக்கொள்ளும். அது எங்கே பிடிக்க வேண்டும் என்பதை நாம் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான்.

பெரும்பாலானோர் முதலில் போக வேண்டிய இடங்களைப் பட்டியல் போடுகிறார்கள். அப்புறம் அவற்றை வரைபடத்தில் கோடு போட்டு இணைக்கிறார்கள். டிக்கெட் எடுத்த பிறகுதான் மழை பற்றித் தேடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் மழையின் நாட்காட்டி, அதற்குப் பிறகு இடங்கள், கடைசியில் டிக்கெட்.

முதலில் மழை எப்படி நகர்கிறது என்று பாருங்கள்

வெப்பமண்டலத்தின் பெருமழை ஓரிடத்தில் நிற்பதில்லை. பூமத்திய ரேகையை ஒட்டி உலகைச் சுற்றி ஒரு மழைப்பட்டை இருக்கிறது. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் காற்று அங்கே சந்தித்து மேலே எழுந்து மேகமாகிறது. சூரியன் வடக்கே சாயும்போது இந்தப் பட்டையும் வடக்கே போகும், தெற்கே சாயும்போது தெற்கே இறங்கும். அதனால்தான் ஜூலையில் இந்தியாவிலும் தாய்லாந்திலும் மழை கொட்டும்போது பாலித் தீவு காய்ந்து கிடக்கிறது. ஜனவரியில் அப்படியே மாறுகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் ஒரு எளிய விதி கிடைக்கும். வடகோளத்தின் மழை மாதங்களில் தெற்கே இருங்கள், தெற்கின் மழை மாதங்களில் வடக்கே வந்துவிடுங்கள். இந்தோனேசியாவின் ஜாவா, பாலி, லொம்போக், ஃப்ளோரஸ் தீவுகளுக்கு மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம், நவம்பர் முதல் மார்ச் வரை மழை. ஆஸ்திரேலியாவின் வட முனைக்கும் ஏறத்தாழ இதே கணக்குதான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே ஈரக்காலம், காக்கடு பகுதியின் பல சாலைகள் தண்ணீரில் மூழ்கி மூடப்பட்டிருக்கும்.

விதி எல்லா இடத்திலும் பொருந்தாது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பட்டை மேலே போகும்போது ஒருமுறை, கீழே இறங்கும்போது ஒருமுறை என்று ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். மார்ச் முதல் மே வரை நீண்ட மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறுகிய மழை. கிளிமஞ்சாரோ ஏறுபவர்கள் ஜனவரி, பிப்ரவரியையும் ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களையும் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இதுதான். ஜப்பானில் ஜூன் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை ‘ட்சுயு’ என்ற மழைக்காலம். தெற்கே ஒகினாவாவில் அது மே மாதமே தொடங்கிவிடும். வடக்கே ஹொக்கைடோவில் ட்சுயு ஏறக்குறைய இல்லை. ஜூனில் ஜப்பானில் இருக்கும்படி ஆகிவிட்டால் வடக்கே போய்விடுவது ஒரு நல்ல வழி.

நாட்டின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள்

“தாய்லாந்துக்கு எப்போது போகலாம்?” என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. எந்தக் கடற்கரை, எந்த மலை, எந்தப் பக்கச் சரிவு என்று கேட்க வேண்டும். நிறையப் பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தாய்லாந்தின் மேற்குக் கரையில் ஃபுக்கெட், கிராபி பக்கம் மே முதல் அக்டோபர் வரை மழையும் கொந்தளிப்பான கடலும். குறிப்பாக செப்டம்பர், அக்டோபர் கடுமை. அதே நாட்டின் கிழக்குப் பக்க வளைகுடாவில் இருக்கும் கோ சாமுய் தீவுக்கு அந்த மாதங்களில் பெரிய தொல்லை இல்லை. அதன் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நவம்பரில் உச்சம். இரண்டுக்கும் நடுவே இருப்பது சில மணி நேரப் பேருந்துப் பயணமும் ஒரு படகும்தான். ஆகஸ்டில் மேற்குக் கரையில் அலையைப் பார்த்துக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்திருப்பவர், கரை மாறினாலே போதும்.

மலேசியாவும் அப்படித்தான். கிழக்குக் கரையின் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் தீவுகளை நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று தாக்கும். அந்த மாதங்களில் அங்குள்ள பல விடுதிகள் மூடியே கிடக்கும், படகுகளும் குறைந்துவிடும். மேற்குக் கரையில் லங்காவிக்கு அதே சமயம் நல்ல காலம்.

வியட்நாம் நீளமான நாடு, அதற்கு மூன்று நாட்காட்டிகள் வேண்டும். ஹனோய் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை கோடை மழை. தெற்கே ஹோ சி மின் நகரில் மே முதல் நவம்பர் வரை. நடுவில் இருக்கும் ஹுயே, தா நாங், ஹோய் ஆன் ஆகியவற்றில் மழை செப்டம்பரில் தொடங்கி டிசம்பர் வரை போகும், அக்டோபர் நவம்பரில் வெள்ளம் வருவது வழக்கம். வடக்கிலிருந்து தெற்கே ஒரே மூச்சில் போகிறவருக்கு மூன்றும் ஒத்துவரும் காலம் பிப்ரவரி கடைசியும் மார்ச்சும்தான். மற்ற மாதங்களில் ஏதாவது ஒரு பகுதியில் நனையத் தயாராக இருக்க வேண்டும்.

இலங்கையில் தென்மேற்குக் கரையும் மலைநாட்டின் மேற்குச் சரிவும் மே முதல் செப்டம்பர் வரை நனையும். அந்த மாதங்களில் திருகோணமலையும் அறுகம்பையும் வெயிலில் காயும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கதை மாறும். அக்டோபர், நவம்பரில் மட்டும் தீவு முழுவதும் மழைக்கு வாய்ப்பு உண்டு.

இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடும் வழக்கமான நாள் ஜூன் 1. மும்பைக்கு ஜூன் 11, டெல்லிக்கு ஜூன் 27, நாடு முழுவதையும் மூடுவது ஜூலை 8. திரும்பிப் போவது செப்டம்பர் 17 அளவில் ராஜஸ்தானின் மேற்கில் தொடங்கி அக்டோபர் 15 வாக்கில் முடிகிறது. அது முடியும் இடத்தில் தமிழகக் கரைக்கு வடகிழக்குப் பருவமழை ஆரம்பம். இவை சராசரி நாட்கள். ஒரு வாரம் முன்பின்னாவது சாதாரணம். இந்த வரிசையைத் தெரிந்துகொண்டவர் மழைக்கு முன்னாலேயோ பின்னாலேயோ சேர்ந்து நகரலாம்.

மழைமறைவுப் பகுதிகள் தனி வகை. மேகம் மலையின் ஒரு பக்கத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு மறுபக்கம் வெறுங்கையோடு போகும். லடாக், ஸ்பிதி, நேபாளத்தின் மேல் முஸ்தாங் எல்லாம் அப்படி. லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்வதே ஏறத்தாழ 100 மி.மீ.தான். ஜூலை, ஆகஸ்டில் இமயத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இவைதான் வழி. ஆனால் அங்கே போய்ச் சேரும் சாலை மழை பெய்யும் பக்கத்து மலையில் ஏறித்தான் போகிறது என்பதை மறக்க வேண்டாம். வறண்ட பூமி என்பதால் ஆபத்தே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2010 ஆகஸ்டில் லேயில் ஒரே இரவில் கொட்டிய மழை பெரும் உயிர்ச்சேதத்தை உண்டாக்கியது. தண்ணீரைப் பிடித்து வைக்க மரமும் மண்ணும் இல்லாத மலையில் கொஞ்ச மழைகூடச் சேற்று வெள்ளமாகிவிடும்.

மழை அட்டவணையை வாசிக்கும் முறை

ஒவ்வோர் ஊருக்கும் மாதவாரியான மழை அளவு இணையத்தில் கிடைக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். 300 மி.மீ. மழை ஒரு மாதத்தில் தினமும் மாலை ஒரு மணி நேரம் பெய்து சேர்ந்திருக்கலாம். இரண்டே புயல் நாட்களில் கொட்டியும் இருக்கலாம். பயணிக்கு இவை இரண்டும் வேறு வேறு மாதங்கள்.

அதனால் மழை அளவின் பக்கத்திலேயே மழை நாட்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தியாவில் ஒரு நாளில் 2.5 மி.மீ. பெய்தால்தான் அது மழை நாள். பல நாடுகளில் 1 மி.மீ. போதும். சிங்கப்பூரில் 0.2 மி.மீ. பெய்தாலே கணக்கில் வந்துவிடும். எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் சிங்கப்பூர் பாதி ஆண்டு நனைகிறது என்று பயப்படத் தேவையில்லை. மும்பையிலும் சிங்கப்பூரிலும் ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. சிங்கப்பூரில் அது பன்னிரண்டு மாதங்களுக்கும் பங்கிடப்படுகிறது, மும்பையில் ஏறக்குறைய முழுவதும் நான்கு மாதங்களில் இறங்கிவிடுகிறது.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது நேரம். நிலப்பகுதியின் உள்ளே வெயில் ஏறி, மேகம் திரண்டு, மாலையில் இடியோடு பெய்வது பொதுவான போக்கு. கடலோரங்களிலும் சிறு தீவுகளிலும் பல இடங்களில் இரவிலும் விடியலிலும் பெய்து, காலை பத்து மணிக்கு வெளுத்துவிடும். இந்தத் தகவல் அட்டவணையில் இருக்காது. அந்த ஊருக்குப் போய்வந்தவர்களிடமோ தங்கும் விடுதியிலோ “மழை வழக்கமாக எந்த நேரம் வரும்?” என்று கேளுங்கள். “மழை பெய்யுமா?” என்ற கேள்வியைவிட இதற்குப் பயனுள்ள பதில் கிடைக்கும்.

கடைசியாக, சராசரி என்பது 30 ஆண்டுகளின் சராசரி. நீங்கள் போகும் ஆண்டு அதில் ஒன்று மட்டும்தான். பசிபிக் கடலின் வெப்பமண்டலப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் இந்தோனேசியா வழக்கத்தைவிட வறண்டிருக்கும், இந்தியாவின் பருவமழை பலவீனமாக வாய்ப்பு அதிகம். அதே கடல் குளிர்ந்துவிடும் லா நினாவில் இந்த இரண்டு இடங்களிலும் மழை கூடுவதுதான் பொதுவான போக்கு. கிளம்புவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பு வானிலைத் துறைகள் வெளியிடும் பருவக் கணிப்பை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

மழை எதை மூடுகிறது, எதைத் திறக்கிறது

என் பார்வையில் மொத்தத் திட்டத்திலும் முக்கியமான கட்டம் இது. ஒரு தாளை எடுத்து, போக நினைக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு கேள்விகளை எழுதுங்கள். மழையில் இங்கே எது நின்றுபோகும்? மழையில் மட்டும் இங்கே எது கிடைக்கும்?

மூடுபவை பெரும்பாலும் தேதி குறித்தே மூடப்படுகின்றன. தாய்லாந்தின் சிமிலான் தீவுகள் மே நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை மூடியிருக்கும். பெருவின் இன்கா பாதை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முழுவதும் பராமரிப்புக்காக மூடப்படும், அது போய்ச் சேரும் பழைய இன்கா நகரமான மச்சு பிச்சு திறந்திருந்தாலும் இந்தப் பாதையில் நடந்து போக முடியாது. மத்திய இந்தியாவின் பல புலிகள் காப்பகங்களில் மையப்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரை அடைக்கப்பட்டிருக்கும். இப்படிப்பட்ட தேதிகளை முதலில் நாட்காட்டியில் குறித்துவிட்டால் பாதி வழித்தடம் தானாகவே அமைந்துவிடும்.

திறப்பவைதான் பலர் யோசிக்காத பக்கம். கம்போடியாவின் தோன்லே சாப் ஏரி காய்ந்த காலத்தில் சுமார் 2,500 சதுர கி.மீ. இருக்கும். மழைக்காலத்தில் மீகாங் ஆறு பெருகும்போது, அதையும் ஏரியையும் இணைக்கும் ஆறு தன் திசையை மாற்றி ஏரிக்குள் ஓடி, அதை 15,000 சதுர கி.மீ. வரை விரிக்கிறது. மழை ஓய்ந்த கையோடு போனால்தான் தண்ணீரில் நிற்கும் காட்டைப் பார்க்க முடியும். பொலிவியாவின் உயுனி உப்புவெளி ஜனவரி முதல் மார்ச் வரை மெல்லிய நீர்ப்படலம் பூசிக் கண்ணாடியாகிறது. அந்த மாதங்களில் வண்டிகள் உப்புவெளியின் உள்பகுதிக்குப் போக முடியாமல் போகலாம் என்பது அதற்கான விலை. விக்டோரியா அருவியின் ஜாம்பியா பக்கம் அக்டோபர், நவம்பரில் ஏறக்குறைய வற்றியிருக்கும், பெருக்கு ஏப்ரல் வாக்கில் உச்சத்தில் இருக்கும்.

பெய்த இடம் ஒன்று, தண்ணீர் வந்து சேரும் இடம் வேறு என்பதும் உண்டு. போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ டெல்டாவில் வெள்ளம் உச்சம் தொடுவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அந்த மாதங்களில் அங்கே மழையே கிடையாது. அங்கோலாவின் மேட்டுநிலத்தில் சில மாதங்களுக்கு முன் பெய்த மழை நடந்து வந்து சேரும் காலம் அது.

சில இடங்களில் இரண்டு பதில்களும் மோதும். உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு பூத்துக் குலுங்குவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை. அதே வாரங்களில்தான் அங்கே போகும் மலைச்சாலையில் நிலச்சரிவு அதிகம். நான் அதை நீக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு மூன்று நாள் ஒதுக்கி வைத்திருக்கிறவர் போகக் கூடாது, எட்டு நாள் ஒதுக்க முடிந்தவர் போகலாம். பூவைப் பார்த்துவிட்டு இறங்கும்போது சாலை மூடியிருந்தாலும் அவருக்குப் பதற்றம் இருக்காது.

வழித்தடத்தை வரைவது

ஓர் உதாரணம் பார்க்கலாம். ஜூனில் தொடங்கி ஆறேழு மாதம் ஆசியாவில் சுற்ற வேண்டும், கடலும் மலையும் பழைய நகரங்களும் வேண்டும்.

ஜூன், ஜூலை இந்தோனேசியா. அந்த வாரங்களில் வடக்கே பெரும்பாலான இடங்களில் மழை, தெற்கே வெயில். ஆகஸ்டில் மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகள், விரும்பினால் தாய்லாந்து வளைகுடாத் தீவுகள். செப்டம்பர் கடினமான மாதம். தென்கிழக்கு ஆசியாவின் பெருநிலப்பரப்பு மிக அதிகமாக நனையும் மாதம் அது. அப்போது இலங்கையின் கிழக்குக் கரைக்குப் போய்விடலாம். அக்டோபர் நடுவில், பருவமழை விலகியதும் நேபாளம். மழை கழுவிவிட்ட வானம் என்பதால் மலைகள் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். நவம்பர் கடைசியில் லாவோஸ், கம்போடியா, வடக்குத் தாய்லாந்து. டிசம்பரில் அவை காய்ந்து, குளிர்ந்து, ஆறுகளில் இன்னும் தண்ணீரோடு இருக்கும்.

இதே பயணத்தை டிசம்பரில் தொடங்கினால் வரிசை திரும்பும். அப்போது ஒரு எச்சரிக்கை. காய்ந்த மாதம் எல்லாமே நல்ல மாதம் ஆகாது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வடக்குத் தாய்லாந்திலும் லாவோஸிலும் காட்டையும் வயலையும் எரிக்கும் புகை சூழ்ந்து நிற்கும். சியாங் மாயில் எதிரே உள்ள மலையே தெரியாத நாட்கள் உண்டு. சுமத்திராவிலும் கலிமந்தானிலும் சில ஆண்டுகளில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை இதே தொல்லை. மூச்சுத் தொந்தரவு உள்ளவர் என்றால், புகை மாதத்தைவிட மழை மாதத்தையே நான் பரிந்துரைப்பேன்.

பருவத்தின் நடுப்பகுதியைவிட அதன் இரு ஓரங்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். மழை தொடங்கும் மாதத்தில் இடியும் காற்றும் அதிகம், ஆனால் நிலம் காய்ந்திருப்பதால் சாலைகள் தாங்கும். மழை முடியும் மாதத்தில் வானம் வெளுத்திருக்கும், ஆனால் மண் ஊறிக் கிடப்பதால் சரிவுகள் சிறு மழைக்கே இடியும். சமவெளிக்கு முடிவு நல்லது. மலைக்கு, மழை நின்று இரண்டு மூன்று வாரம் கழித்துப் போவது நல்லது.

புயல் காலம் வேறு கணக்கு

மழைக்காலமும் புயல் காலமும் ஒன்றோடொன்று பொருந்தாது. வங்காள விரிகுடாவில் புயல்கள் அதிகம் வருவது பருவமழைக்கு முன்னால் ஏப்ரல், மே மாதங்களிலும் பின்னால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும். பிலிப்பைன்ஸ் வானிலைத் துறை கவனிக்கும் கடல்பரப்பில் ஆண்டுக்குச் சராசரியாக 20 வெப்பமண்டலப் புயல்கள் நுழைகின்றன, பெரும்பாலானவை ஜூன் முதல் நவம்பருக்குள். அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பர் 10 வாக்கில். கரீபியனில் அந்த மாதங்களில் இருக்க வேண்டியிருந்தால் தெற்கே ஓரத்தில் கிடக்கும் அரூபா, பொனேர், குராசாவ் தீவுகளைப் பாருங்கள், பெரும்பாலான சூறாவளிகள் அவற்றுக்கு வடக்கே கடந்துவிடும்.

பூமத்திய ரேகைக்கு மிக அருகில் புயல் சுழன்று எழுவது அரிது. பூமியின் சுழற்சி காற்றை வளைக்கும் விசை அங்கே போதாது. 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே வாமெய் உருவானது அபூர்வமான விதிவிலக்கு.

புயல் வழிக்குள் போகத்தான் வேண்டும் என்றால் சிறு தீவுகளைத் தொடர்ச்சியாக அடுக்காதீர்கள். ஒரு தீவு, அதன்பின் விமான நிலையம் உள்ள ஒரு பெருநிலம், பிறகு இன்னொரு தீவு என்று வையுங்கள்.

உதிரி நாட்களும் போக்குவரத்தும்

ஒருமுறை மழைக்கால மலைப்பயணத்தில், விடியற்காலை கிளம்ப வேண்டிய வண்டி மதியம்தான் கிளம்பியது. மாலை நான்கு மணிக்கு வண்டியின் முன்னால் ஒரு சரிவு விழுந்தது, அரை மணி கழித்துப் பின்னாலும் ஒன்று. இரவு முழுவதும் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் காயம் இல்லை. மறுநாள் காலை விமானம் மட்டும் போய்விட்டது. அந்த விமானத்துக்கு முந்தைய நாளை நான் காலியாக விட்டிருக்க வேண்டும்.

அதிலிருந்து சில வழக்கங்களை விடாமல் கடைப்பிடிக்கிறேன். மழை மாதத்தில் வாரத்துக்கு ஒரு நாள் எதுவும் எழுதாமல் காலியாக இருக்கும். மலையிலிருந்தோ தீவிலிருந்தோ இறங்கி சர்வதேச விமானம் பிடிக்க வேண்டும் என்றால் நடுவில் இரண்டு இரவு, அதுவும் விமான நிலையம் உள்ள ஊரிலேயே. மலைச்சாலைப் பயணம் காலை முதல் வண்டியில் மட்டும், இரவில் இல்லவே இல்லை. மாலை இடிமழை உள்ள ஊர்களில் காலை விமானம். கடைசிப் படகு வேண்டாம், அது ரத்தானால் அன்றைக்கு வேறு வழி கிடையாது. தனித்தனியாக எடுத்த இரண்டு விமான டிக்கெட்டுகளை ஒரே நாளில் கோக்கவும் வேண்டாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பு இருக்காது.

படகு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உயிர்காப்பு உடை எல்லோருக்கும் இல்லாத படகில், கூட்டம் அளவு மீறிய படகில் ஏறாதீர்கள். கடலுக்குப் போக வேண்டாம் என்று வானிலைத் துறை சொல்லியும் கிளம்பும் படகு எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்களுக்கானது இல்லை.

முன்பதிவு, காப்பீடு, விசா

மழை மாதத்தில் விடுதிகள் காலியாக இருக்கும், விலையும் இறங்கும். அதனால் முதல் இரண்டு இரவுகளை மட்டும் பதிவு செய்துவிட்டு மற்றதை நேரில் முடிவு செய்யலாம். இலவசமாக ரத்து செய்யும் வசதிக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவு இல்லை. தரைத்தளத்து அறையும், ஆற்றங்கரையை ஒட்டிய அறையும், செங்குத்துச் சரிவின் அடியில் கட்டிய விடுதியும் வேண்டாம்.

பயணக் காப்பீட்டை டிக்கெட் எடுத்த கையோடு எடுத்துவிடுங்கள். ஒரு புயல் செய்தியில் வந்த பிறகு எடுத்த காப்பீடு பொதுவாக அந்தப் புயலுக்குச் செல்லாது. தாமதத்துக்கு எத்தனை மணி நேரம் கழித்துப் பணம் தருவார்கள், மலையேற்றம் எந்த உயரம் வரை சேரும், இருசக்கர வாகனம் ஓட்டினால் சேருமா என்ற மூன்றையும் வாசித்துப் பாருங்கள்.

விசாவின் கடைசி நாளுக்கு வெளியேறும் டிக்கெட் எடுக்காதீர்கள். ஐந்து நாளாவது மிச்சம் வையுங்கள். மழையால் மாட்டிக்கொண்டாலும் தங்கிய நாள் கூடுதல்தான் என்று எடுத்துக்கொள்ளும் நாடுகள் நிறைய.

உடலும் பையும்

தடுப்பூசிக்குக் கிளம்புவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். வழித்தடத்தையும் மாதத்தையும் எழுதிக் கொண்டு போங்கள், ஏனென்றால் ஆபத்து பருவத்தோடு மாறும். மலேரியாக் கொசு இரவில் கடிக்கும், டெங்குக் கொசு பகலில் கடிக்கும். வலைக்குள் தூங்கினால் மட்டும் போதாது, பகலிலும் முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டியும் வேண்டும். வழியில் காய்ச்சல் வந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும் போடுங்கள். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டலாம். காலில் புண்ணோடு வெள்ள நீரில் நடக்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும் வழி அதுதான்.

பையில் என்ன வைப்பது என்பதை விட எதை விடுவது என்பது முக்கியம். ஜீன்ஸை விட்டுவிடுங்கள், இரண்டு நாள் ஆனாலும் காயாது. வெக்கையான ஊரில் தடித்த ரெயின்கோட் உள்ளே வேர்வையில் நனைய வைக்கும். ஊருக்குள் ஒரு நல்ல குடை, நடைப்பாதைக்கும் வண்டிக்கும் பையையும் சேர்த்து மூடும் பொஞ்சோ, குளிர்ந்த மலைக்கு மட்டும், தையல் வழியே நீர் புகாதபடி ஒட்டிய ஜாக்கெட் போதும். பைக்கு வெளியே போடும் உறை நல்ல மழையில் முதுகுப் பக்கமாக நீரை விட்டுவிடும். அதனால் உள்ளேயே, வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பைகளில் துணிகளைப் பிரித்து வையுங்கள். பாஸ்போர்ட்டும் பணமும் இரட்டை ஜிப் கவரில். கேமரா வைத்திருப்பவர்கள் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைக்க வேண்டும், ஈரத்தில் சில வாரங்களிலேயே லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து இரவில் ஒருமுறை மாற்றினால் காலையில் போடும்படி இருக்கும். இரவுக்கென்று ஒரு ஜோடிக் காய்ந்த உடையும் காலுறையும் தனியாக இருக்கட்டும், என்ன ஆனாலும் அதைப் பகலில் தொடாதீர்கள்.

வழியில், ஒவ்வொரு நாளும்

மொபைலில் வரும் பதினைந்து நாள் கணிப்பை நம்பி எதையும் மாற்றாதீர்கள். ஐந்து நாள் வரை ஓரளவு நம்பலாம், மலையில் அதுவும் குறைவு. அந்த நாட்டு வானிலைத் துறையின் எச்சரிக்கையைத் தினமும் காலையில் பாருங்கள். இந்தியாவில் ஆரஞ்சு என்றால் தயாராக இருக்க வேண்டும், சிவப்பு என்றால் நடவடிக்கை எடுக்க வேண்டும். நான் ஆரஞ்சு நாளிலேயே மலைப்பயணத்தை ஒத்திவைத்துவிடுவேன்.

பருவமழைக்கு இடைவெளி உண்டு. சில நாட்கள் கொட்டும், அப்புறம் சில நாட்கள் ஓயும். அந்த ஓய்வு நாட்களில் நடையையும் படகையும் முடியுங்கள். அருங்காட்சியகம், கோயில், துணி துவைப்பது, அடுத்த டிக்கெட் எடுப்பது எல்லாம் மழை நாளின் வேலை.

மின்னல் வெட்டியதற்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். ஒலி ஒரு கி.மீ. கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி காத்திருங்கள்.

ஓடும் வெள்ளம் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே ஒரு பெரியவரை விழ வைக்கும். 30 செ.மீ. ஒரு சிறிய காரை நகர்த்தும், 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும். ஓடையில் நிற்கும்போது நீர் திடீரென்று கலங்கினாலோ, குச்சியும் இலையும் மிதந்து வந்தாலோ மேலே எங்கோ பெய்துவிட்டது. தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தாலும் உடனே மேடேறுங்கள். அருவியில் குளிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

உள்ளூர்க்காரர்கள் வண்டியை எடுக்காத நாளில் நீங்களும் எடுக்காதீர்கள். எந்தச் செயலியைவிடவும் அந்தச் சாலையில் இருபது ஆண்டு ஓட்டியவரின் தயக்கத்துக்கு நான் மதிப்புக் கொடுப்பேன்.

திரும்பி வந்த பிறகு இரண்டு வேலை மிச்சம். பையையும் கூடாரத்தையும் ஷூவையும் முழுக்கக் காய வைத்த பிறகே உள்ளே எடுத்து வையுங்கள். மலேரியா மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று நிறுத்தாமல் மருத்துவர் சொன்ன நாள் வரை முடியுங்கள், சில மாத்திரைகளுக்கு அது நான்கு வாரம் வரை போகும். அடுத்த சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், எந்த நாட்டில் எந்த மாதம் இருந்தீர்கள், வெள்ள நீரில் நடந்தீர்களா என்பதை மருத்துவரிடம் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள்.